தவறு முடிந்துவிட்டதா?

ஓய்வுபெற்றவர்கள் வக்கீலைப் பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "இத்தனை வருஷம் கழிச்சு கேஸ் போட முடியுமா சார்?" என்பதுதான். வக்கீல் வருஷத்தை எண்ணுவதற்கு முன், தவறு எப்படிப்பட்டது என்று பார்ப்பார். அன்றோடு முடிந்த தவறா, இன்னமும் நடந்துகொண்டிருப்பதா? 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, தீங்கு தொடர்கிற வரை ஒவ்வொரு கணமும் கெடு புதிதாக ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கழிவுநீரை உங்கள் மனைக்குள் திருப்பிவிட்டுப் பத்து வருஷமாகியிருக்கலாம். இன்று காலையும் அது வந்து தேங்கியிருந்தால் இன்றும் வழக்குப் போடலாம்.

இதை வைத்து, கஷ்டம் நீடித்தால் கேஸும் உயிரோடு இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். புனே பக்கத்தில் ஆளந்தி ஞானேஸ்வரர் கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்துவந்த குரவ் சமூகத்துப் பூசாரிகளை 1911-ல் அறங்காவலர்கள் நீக்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் போய், தீர்ப்பு அறங்காவலர்கள் பக்கம் ஆனது. பல வருஷம் கழித்துப் பூசாரிகள் தங்கள் உரிமையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். தினமும் எங்களைப் பூஜை செய்யவிடாமல் தடுக்கிறார்கள், ஆகவே தினமும் புதுத் தவறு என்பது அவர்கள் வாதம். 1959-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கஜேந்திரகட்கர் இதை ஏற்கவில்லை. வெளியேற்றியபோதே உரிமை முழுதாகப் பறிபோய்விட்டது, மிச்சமெல்லாம் அதன் விளைவு என்றார். 2019-ல் அயோத்தி வழக்கில் நிர்மோகி அகாராவின் வழக்கு காலங்கடந்தது என்று தள்ளப்பட்டபோதும் இந்தத் தீர்ப்புதான் துணைக்கு வந்தது.

குற்ற வழக்குகளில் கோடு இன்னும் மெல்லியது. கல் குவாரி முதலாளி ஜனவரி 21-க்குள் ஆண்டறிக்கை தராவிட்டால், குற்றம் அந்தத் தேதியோடு முடிந்தது என்று 1972-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், பி.எஃப்.-க்குத் தன் பங்கைக் கட்டாத முதலாளி விஷயத்தில் 1984-ல் அது தொடர் குற்றம் என்றது. இரண்டுமே கெடுவைத் தவறவிட்ட சமாச்சாரம்தான்; தர்க்கம் கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் ஒரு காகிதம் தாமதமாவதும், தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் முதலாளி பையிலேயே கிடப்பதும் ஒன்றில்லை. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி சம்பள விஷயம். பணிப் பதிவேட்டில் ஒரு இன்கிரிமெண்டைப் பதிய மறந்துவிடுகிறார் கிளார்க். அடிப்படைச் சம்பளம் குறைகிறது, அதன்மேல் கணக்கிடும் அகவிலைப்படி குறைகிறது, கடைசியில் பென்ஷனும் குறைகிறது. 1995-ல் ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில், சம்பளம் குறைவாக வருகிற ஒவ்வொரு மாதமும் புது வழக்குமூலம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நல்லது. 2008-ல் இதற்கு ஒரு வால் ஒட்டியது. 1983-ல் மருத்துவக் காரணத்தால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு 1999-ல்தான் உயர் நீதிமன்றம் போனார். அங்கே இரு நீதிபதிகள் அமர்வு 1983 முதலான நிலுவை முழுவதையும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. உரிமை உண்டு, பழைய பாக்கி போச்சு. தவறு மாதாமாதம் நடந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு, தவறு செய்த அரசுக்கே அந்தப் பணத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதிவேடும் கணக்கும் அரசின் கையில். தாமதத்துக்குத் தண்டனை மட்டும் பென்ஷன்காரருக்கு.

வேலையை விட்டே நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழியும் இல்லை. அது அன்றோடு முடிந்த செயல். தமிழகப் புவியியல், சுரங்கத் துறையில் 1982-ல் வேலையிழந்த ஒருவர் 2000-ல் மனுக் கொடுத்தார். பழைய விவகாரத்துக்கு அலுவலகம் இன்று பதில் போட்டுவிட்டது என்பதற்காகச் செத்த கேஸ் பிழைக்காது என்று அதே 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே பென்ஷன் குறைவாக வருகிறதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் பணிப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். மனுவை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்து, ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்குள் நிர்வாகத் தீர்ப்பாயம் போயாக வேண்டும். நினைவூட்டல் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருப்பது கெடுவை நிறுத்தாது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய நிலுவையில் ஒரு மாதம் கழிந்துவிடும்.