துக்கத்துக்கும் தூண்டிலுக்கும் பகையா?

என் தம்பி இறந்த ஏழாம் நாள் நான் மீன் பிடிக்கப் போனேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் உறவினர்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

திண்டிவனத்தில் கிடங்கல் ஏரி இருக்கிறது. சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில்தான் இன்றைய கிடங்கல். சிறு வயதில் நானும் தம்பியும் மண்புழு தோண்டிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டு அந்தக் கரைக்கு ஓடுவோம். எங்கள் இருவரில் பொறுமைசாலி அவன்தான். தக்கை அசைந்தாலும் அசையாவிட்டாலும் அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான். பரண்மேல் கிடந்த அவனுடைய மூங்கில் தூண்டிலைத்தான் அன்று நான் எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியப்பா கரைக்கே வந்துவிட்டார்.

"ஏண்டா, காரியம்கூட இன்னும் ஆகலே. அதுக்குள்ளே உனக்கு மீன் கேக்குதா?" என்றார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த ஆறு நாளும் வீட்டில் என்ன நடந்தது? வந்தவர்கள் எல்லோரும், "எப்படி ஆச்சு? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்கள். ஒரே கதையை நாற்பது தடவை ஒப்பித்தேன். கடைசியில் அது யாரோ ஒருவனுடைய சாவைப் போல ஆகிவிட்டது. பெண்களுக்காவது ஒப்பாரி இருக்கிறது; துக்கத்தைக் கொட்டித் தீர்க்க நம் முன்னோர் கண்ட அருமையான வழி அது. ஆண்பிள்ளைக்கு என்ன வழி? "நீயே அழுதால் எப்படி?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தக்கை இருந்தது. கைக்குத் தூண்டில் இருந்தது. அந்தச் சின்ன வேலை மனத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. பக்கத்தில் தம்பி உட்காரும் இடம் காலியாக இருந்தது. வீட்டில் வராத அழுகை அங்கேதான் வந்தது. அவனை மறக்கப் போனதாகச் சொல்கிறார்கள். நான் போனது அவனை நினைக்க!

சாவு வீட்டுத் திண்ணையில் விடிய விடியச் சீட்டாடுகிறவர்களை ஊர் ஏதாவது கேட்டதுண்டா? உயிர்க்கொலை என்கிறார்கள். புலால் உண்ணாத ஒருவர் அப்படிச் சொன்னால் நான் தலைவணங்குவேன். ஆனால் சொன்னவர்கள் எல்லாம் காரியம் முடிந்த மறுநாள் ஆட்டுக்கறிப் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள். ஆடு சாகலாம், கெண்டை சாகக் கூடாதாம்!

தமிழ்ப் பண்பாட்டுக்கு அடுக்காது என்றும் சிலர் சொன்னார்கள். ஐந்திணைக்கு உரிப்பொருள் வகுத்த நம் பழைய இலக்கணக்காரர்கள், இரங்கலை எந்த நிலத்துக்குக் கொடுத்தார்கள்? நெய்தலுக்கு, வலையும் தூண்டிலும் புழங்குகிற கடற்கரைக்கு. அது காதலில் பிரிந்தவர்களின் இரங்கல்தான், சாவுத் துக்கம் அல்ல. ஆனாலும், மனம் நொந்தவர்களை அவர்கள் நீர்க்கரையில் வைத்துப் பார்த்தார்கள் என்பது சாமானிய விஷயம் அல்ல.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவர்கள் சில மாதங்களில் அதே கடலுக்குப் படகைத் தள்ளினார்கள். வயிற்றுக்காகத்தான் போனார்கள், அதை நான் காவியமாக்க மாட்டேன். ஆனால் அவர்களைக் கல்நெஞ்சர் என்று யாராவது சொன்னோமா? வயிற்றுக்காகப் போனால் நியாயம், மனத்துக்காகப் போனால் குற்றம் என்பது என்ன நீதி?

சடங்குகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைக் குறையில்லாமல் செய்தேன். ஆனால் சடங்கு ஊருக்குப் பொது. துக்கம் அவனவனுக்குச் சொந்தம். அதை ஒருவன் பூஜை அறையில் ஆற்றிக்கொள்வான், இன்னொருவன் தறியில், வேறொருவன் ஏரிக்கரையில்.

உங்கள் தெருவில் ஒருவன் இழவு விழுந்த வீட்டிலிருந்து தூண்டிலோடு கிளம்பினால், தயவுசெய்து அவனை வழிமறிக்காதீர்கள். முடிந்தால் ஒரு கொட்டாங்கச்சி மண்புழு தோண்டிக் கொடுங்கள்.