கார்வெட்டின் பட்டை ஸ்பிரிங் மீது ஏன் இந்தப் பழி?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களில் செவர்லே கார்வெட் அளவுக்கு நீண்ட ஆயுள் கொண்டது வேறில்லை. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அந்த ஆண்டு மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரில் 300 வண்டிகள் மட்டுமே கட்டப்பட்டன. இந்தக் காரைப் பற்றிய நுட்பத் தகவல்களைச் சேகரிப்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அவற்றில் இரண்டை மட்டும் கேலியாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒன்று, லாரிக்குப் போடுவதுபோல் இதற்குப் பட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார்கள் என்பது. மற்றொன்று, உலகமே வேறு பக்கம் போன பிறகும் இதன் எஞ்சின் புஷ்ராடு முறையை விடவில்லை என்பது. வில்வண்டிக் காலத்துப் பொறியியல் என்று இரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பாகம் எந்தக் காலத்தில் பிறந்தது என்பது அதன் தரத்தைச் சொல்லாது. பூட்டிய இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

முதலில் பட்டை. லாரியின் பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளுக்கு இரட்டை வேலை. பாரத்தையும் தாங்க வேண்டும், அச்சையும் அதன் இடத்தில் பிடித்துவைக்க வேண்டும். பிரேக் போடும்போதும் வேகம் எடுக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கையும் பட்டையே வாங்கிக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னக் குலுக்கல்கள்கூட அப்படியே மேலே வருகின்றன. பட்டை ஸ்பிரிங்குக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். 1963 கார்வெட்டில் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டண்டோவ் செய்தது வேறு. பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே அசையவிட்டு, சக்கரத்தைப் பிடித்துவைக்கும் பொறுப்பைத் தனிக் கம்பிகளுக்கும் சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளுக்கும் கொடுத்துவிட்டார். வண்டிக்குக் குறுக்கே, இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம் வரை நீண்ட ஒன்பது பட்டைகளுக்கு மிஞ்சியது வளைந்து நிமிர்வது மட்டும்தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாரியில் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1981இல் ஆட்டோமேடிக் கியர் கொண்ட கார்வெட்டுகளில் எஃகு அடுக்கை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸால் ஆன ஒற்றைப் பட்டையைப் பொருத்தினார்கள். சுமார் 20 கிலோ எடை கொண்ட பாகம் 4 கிலோவுக்கும் கீழே வந்தது. ஒரே பட்டை என்பதால் உரசல் இல்லை, துருவும் பிடிக்காது. 1984 மாடலில் முன்பக்கத்துக்கும் இதே முறை வந்தது. பின்னாளில் வந்த வண்டிகளில் பட்டையை நடுவில் இறுக்காமல், இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் தாங்கவைத்தார்கள். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலே ஏறினால் பட்டை வில்லாக வளையும். திருப்பத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் பட்டை பாம்புபோல் நெளிய வேண்டியிருக்கும். அதற்கு அது எளிதில் இணங்காது. வண்டி ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும் வேலையில் ஒரு பங்கை இப்படிப் பட்டையே செய்துவிடுகிறது. சுருள் ஸ்பிரிங் நிற்க மேலே இடம் வேண்டும். பட்டையோ தரையோடு தரையாகக் கிடக்கும், எடையும் கீழேயே தங்கும்.

இவ்வளவு நல்லதென்றால் மற்றவர்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள். எடுத்துக்கொண்டார்கள். 2015இல் வந்த வால்வோ எக்ஸ்சி90 காரின் பின்பக்கத்தில் குறுக்கே கிடப்பது கூட்டுப்பொருளால் ஆன பட்டைதான். சரி, 2020இல் கார்வெட்டே சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது ஏன்? இந்தக் கேள்வி நியாயமானது. அந்த ஆண்டில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வண்டியின் அமைப்பே தலைகீழாக மாறியபோது பழைய தீர்வைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியம் இல்லை. அதற்கும் முன்பே, பந்தயத்துக்கென்று கட்டிய கார்வெட்டுகள் சுருளைத்தான் நம்பின. ஓடுதளத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை அடிக்கடி மாற்றப் பந்தயக் குழுக்களுக்கு அது வசதி. சாலையில் ஓடும் காருக்கு அந்தத் தேவை கிடையாது. 1984 மாடல் முதுகெலும்பை உலுக்கியது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உலுக்கியது உண்மைதான். அடுத்த ஆண்டே பட்டையின் விறைப்பைக் குறைத்தார்கள், வண்டியும் சாதுவானது. தவறு தேர்ந்தெடுத்த விறைப்பில் இருந்தது, பட்டையில் இல்லை.

எஞ்சின் விஷயத்தில் கார்வெட்டே தன்னையறியாமல் ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. புஷ்ராடு எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே கீழே கிடக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் மேலே உள்ள வால்வுகளைத் தள்ளித் திறக்கும். நவீன முறையில் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு நான்கு கேம்ஷாஃப்டுகள், எல்லாம் எஞ்சின் தலைமேல். 1990இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் இந்த நவீன வழியில் இறங்கிப் பார்த்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் வடிவமைக்க, படகு எஞ்சின் செய்யும் மெர்குரி மரீன் நிறுவனம் ஓக்லஹோமாவில் கட்டிக்கொடுக்க, 5.7 லிட்டரில் 32 வால்வுகளோடு இசட்ஆர்-1 என்ற கார்வெட் வந்தது. தொடக்கத்தில் 375 குதிரைத்திறன், 1993 முதல் 405. சாதாரண கார்வெட் சுமார் 32,000 டாலருக்கு விற்ற 1990இல் இதற்கு மட்டும் மேலே 27,000 டாலர் வைக்க வேண்டியிருந்தது. 1995இல் நிறுத்தப்படும் வரை 6,939 வண்டிகள் வெளிவந்தன. பிறகு 2002இல் வந்த இசட்06 மாடலைப் பாருங்கள். அதே 5.7 லிட்டர் வகை, ஒற்றை கேம்ஷாஃப்ட், பாதி எண்ணிக்கையில் வால்வுகள், அதே 405 குதிரைத்திறன். விலை சுமார் 50,000 டாலர். கடைசி இசட்ஆர்-1 ஏறத்தாழ 68,000.

1993க்கும் 2002க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன, எல்லா எஞ்சின்களுமே முன்னேறின என்பது சரி. ஆனால் முன்னேற இடமே இல்லாத பழைய முறை என்றுதானே சொல்லிவந்தார்கள்? லிட்டருக்கு எவ்வளவு திறன் என்று கணக்குப் போட்டால் புஷ்ராடு பின்தங்கும் என்பதும் உண்மை. லிட்டர் கணக்கில் வரி வாங்கும் நாட்டில் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. மற்றபடி ஓட்டுகிறவர் உணர்வது எஞ்சினின் எடையையும் அது அடைத்துக்கொள்ளும் இடத்தையும்தான். தலைமேல் சுமை இல்லாததால் புஷ்ராடு எஞ்சின் குட்டையாக இருக்கும், பானெட்டைத் தாழ்வாக வைக்கலாம். புஷ்ராடுக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. 2023 இசட்06 நிமிடத்துக்கு 8,600 சுற்றுவரை போக வேண்டியிருந்ததால் ஜிஎம் மறுபடி நான்கு கேம்ஷாஃப்டுகளுக்குப் போனது. ஆனால் 2020இல் எஞ்சினை நடுவுக்கு மாற்றி, பட்டையைக் கைவிட்ட அதே பொறியாளர்கள், அடிப்படை மாடலான ஸ்டிங்ரேவுக்குத் தேர்ந்தெடுத்தது 6.2 லிட்டர் புஷ்ராடு எஞ்சின். எதையும் மாற்றும் சுதந்திரம் கையில் இருந்தபோது அவர்கள் எடுத்த முடிவு அது.

கார்வெட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்துவிட்டு 1953இல் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேடிக்கைப் பொருத்தினார்கள். 1975இல் அடிப்படை எஞ்சினின் திறன் 165 குதிரைத்திறனாகச் சுருங்கிக் கிடந்தது. கேலி செய்ய விரும்புகிறவர்களுக்கு இவை போதும். பட்டையையும் புஷ்ராடையும் விட்டுவிடலாம்.