புள்ளியைப் பார்த்துக் கற்றாழை என்று முடிவு செய்யாதீர்கள்

சில மாதங்களுக்கு முன், குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மையார் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கு, கால்களில் தசைப்பிடிப்பு, எழுந்து நிற்க இயலாத சோர்வு. இரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர். பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. "வேறு மருந்து ஏதேனும் சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டேன். "மருந்து ஒண்ணும் இல்லீங்க டாக்டர், வெறும் கத்தாழைதான்" என்றார். மகன் நர்சரியில் வாங்கித் தந்த தொட்டிச் செடியின் மடலைத் தோலோடு அரைத்து, வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். கைப்பேசியில் படம் காட்டினார். குட்டையான அகன்ற மடல்கள், மேற்புறமெங்கும் வெண்புள்ளிகள். அழகுக்காக வளர்க்கப்படும் தென்னாப்பிரிக்கப் புள்ளிக் கற்றாழையைப் போன்றிருந்தது அது. உரிய சிகிச்சையில் அவர் தேறிவிட்டார்.

அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. சோற்றுக்கற்றாழையின் இளங்கன்றிலும் வெண்புள்ளிகள் உண்டு. பொதுவாக வளர வளர அவை மங்கும். சில வகைகளில் முதிர்ந்த பின்னும் நிற்கும். ஆகவே புள்ளியை மட்டும் நம்ப இயலாது.

செடியை முழுமையாகப் பார்க்க வேண்டும். முதிர்ந்த சோற்றுக்கற்றாழையின் மடல் நீண்டு, சதைப்பற்றோடு, சாம்பல் கலந்த பச்சையாக மேல்நோக்கி நிற்கும். பூக்கள் பெரும்பாலும் மஞ்சள். நீண்ட தண்டில் கதிர்போல் அடுக்கடுக்காகத் தொங்கும். அலோ மாகுலாட்டா என்னும் புள்ளிக் கற்றாழையின் மடல் அகன்று குறுகியிருக்கும். முள் பழுப்பாகக் கடினமாக இருக்கும். ஆரஞ்சு நிறப் பூக்கள் உச்சியில் தட்டையான கொத்தாக அமையும். வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையோ கற்றாழை இனமே அன்று. நார் மிகுந்த அதன் மடலின் சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகலாம்.

சரியான செடியே ஆனாலும் முழு மடலும் உணவாகாது. தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலில் அலோயின் என்னும் கடும் பேதிப்பொருள் உள்ளது. அதை உலர்த்தியதே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். மடலை வெட்டிச் சாய்த்து வைத்து, மஞ்சள் நீரை வடித்து, சோற்றை ஏழு முறை கழுவச் சொன்ன நம் பாட்டிமாரின் வழக்கத்தில் தெளிந்த அறிவு இருந்தது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டின்றி விற்கப்பட்ட கற்றாழைப் பேதி மருந்துகளுக்கு 2002இல் தடை வந்தது. முழு மடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் 2பி பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. விலங்குகளில் நடந்த ஆய்வே இதற்கு முதன்மை ஆதாரம். தோலில் தடவும் தெளிந்த சோற்றுக்கு இது பொருந்தாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள், இதயத்துக்கு டிகாக்சின் உட்கொள்வோர், நீர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் கற்றாழைச் சாறு பருகுதல் கூடாது.

நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. செடியை அறிதலும் சுத்தி செய்தலும் அளவு காத்தலும் சித்த மருத்துவமே வற்புறுத்தும் நெறிகள். அவற்றை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பிடித்துக்கொள்வதே ஆபத்து. பெயர் உறுதியாகத் தெரியாத செடி வாசலில் திருஷ்டிக்குத் தொங்கட்டும்; தொட்டியில் அழகாக நிற்கட்டும்; வாய்க்குள் செல்ல வேண்டாம். நர்சரிகளும் அழகுச் செடிகளை அவ்வாறே எழுதி விற்க வேண்டும்.

மருத்துவர்களாகிய எங்களிடமும் குறை உண்டு. "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு நிறுத்திவிடுகிறோம். கற்றாழையை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை, ஆதலால் சொல்வதுமில்லை. நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். அரைத்துக் குடித்த இலையையோ அதன் படத்தையோ கொண்டு வாருங்கள். அதற்காக உங்களை இங்கு யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.