என் இடது கால் குற்றவாளி இல்லை

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மூன்று மாதமாக என் காரைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசிவிட்டீர்கள். "மாமா, பேசாம வித்துடுங்க" என்றான் மருமகன். "இனிமே ஆட்டோல போங்கப்பா" என்றாள் மகள். சர்வீஸ் சென்டரில் என் பேரன் வயதுப் பையன் ஒருவன், "வயசாயிடுச்சில்ல சார், கிளட்ச்சைப் பட்டுனு விடுறீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இன்று என் முறை.

ஒன்பது வருடப் பெட்ரோல் வண்டி. நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடும். சமதளத்தில் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. நம்மூர் ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவது போல வெட்டும். ஒருநாள் பின்னால் மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, வண்டி ஏற மறுக்கிறது. வீட்டுக்காரம்மா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு எனக்கே என் கால் மேல் சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் மேல் எனக்குக் கோபம் அதனால்தான்.

கொஞ்சம் யோசித்திருக்கலாமே! கிளட்ச்சைத் தப்பாக விட்டால் வண்டி எங்கே குலுங்கும்? புறப்படும்போது, கியர் மாற்றும்போது. நடுப்பாலத்தில், கியர் விழுந்து பத்து விநாடி ஆன பிறகு, என் இடது கால் தரையில் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் கால் எப்படி வண்டியை வெட்டும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும் கேள்வி இது. அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமல் என்ன செய்தார்கள்? முதல் தடவை த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் இரண்டையும் கழுவினார்கள். சரியாகவில்லை. அடுத்த தடவை ஃபியூயல் பம்ப்பை மாற்றினார்கள். பழைய பம்ப்பைக் கொடுங்கள் என்றால் "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்". இரண்டு பில்லும் சேர்த்து 17,400 ரூபாய், பென்ஷன் பணம். மூன்றாவது தடவை போனபோது கையை விரித்தார்கள்: "இ20 பெட்ரோல் சார். இப்ப எல்லா வண்டியும் இப்படித்தான்."

எத்தனாலுக்கு நான் வக்கீல் இல்லை. பெட்ரோலை விட அதில் ஆற்றல் குறைவு, மைலேஜ் கொஞ்சம் குறையும், தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே டேங்க் பெட்ரோலைத்தானே நான்கு சிலிண்டரும் குடிக்கின்றன? இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்றான். அவன் முதலில் போனட்டைத் திறக்கவில்லை. "எப்ப வெட்டுது சார்? இன்ஜின் சூடானப்பவா, குளிர்ந்தப்பவா? எந்த கியர்ல?" என்று கேட்டான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினான். பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். மூன்றாவதில் மட்டும்! பெட்ரோல் கெட்டிருந்தால் நான்கும் அல்லவா அழுதிருக்க வேண்டும்?

அடுத்து அவன் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டான், முதலாவதன் காயிலை மூன்றாவதில் போட்டான். பிளக்கைத் தொடவில்லை, வேறு எதையும் தொடவில்லை. கோடை அழித்துவிட்டு என்னையே பாலத்தில் ஏற்றி இறக்கச் சொன்னான். திரும்பி வந்து ஸ்கேனரைப் போட்டால் பி0301. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வகத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியதை ஒருவனாவது காதில் வாங்கியிருக்கிறான்.

பாலத்தில் மட்டும் ஏன் வெட்டியது? பிளஸ் டூவில் படித்தீர்களே, மின்காந்தத் தூண்டல். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புவது காயில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போகும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட இன்னும் கூடுதல் வோல்ட் வேண்டும். காயிலின் ரப்பரில் விரிசல் இருந்தால் மின்சாரம் பிளக் முனையை விட்டுவிட்டு அந்த விரிசல் வழியாக ஓடிவிடும். நிற்கும்போது அழுத்தம் குறைவு, அதனால் வெளியே தெரியாது. விரிசலை டார்ச் அடித்துக் காட்டினான், தலைமுடி அளவுதான். பிளக்குகளும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தன. அதுவும் காயிலுக்குக் கூடுதல் பாரம் என்று நான்கையும் மாற்றினான். எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். "ஸ்கேனிங் 650" என்று இருந்தது! செக் இன்ஜின் விளக்கு எரிந்தபோது ஸ்கேன் செய்திருக்கிறார்கள். என்ன கோட் வந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பம்ப்பை மாற்றியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ரிப்பேரா?

அவர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தவனுக்கு ஐந்நூறு கொடுக்க நமக்கு மனசு வராது, "சும்மாதானே பார்த்தான்" என்போம். பம்ப்புக்குப் பத்தாயிரம் என்றால் வாயை மூடிக்கொண்டு கொடுப்போம். பொருளுக்குத்தான் காசு என்று நாம் பழக்கிவிட்டால், அவர்கள் பொருளைத்தான் மாற்றுவார்கள்.

ஆகவே இனி கார் வெட்டினால் எப்போது வெட்டுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். புறப்படும்போது மட்டும் என்றால் கிளட்ச், இன்ஜின் மவுண்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட ஏற்றத்தில் வெட்டாமல் மூச்சு வாங்கினால் ஏர் ஃபில்டர், ஃபியூயல் ஃபில்டர், பம்ப். மிதித்ததும் வெட்டினால் முதலில் பிளக், காயில். ஸ்கேன் செய்தால் கோடைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தின்றுவிடும். அதன் விலையை நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

மருமகன் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறான். ஆட்டோ பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். மேம்பாலம் வழியாகத்தான் கூட்டி வருவேன், மூன்றாவது கியரில்.