மௌன யந்திரமும் பேசும் கடைக்காரரும்

நம்முடைய படித்த வர்க்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. "மிஷின் சமாசாரமெல்லாம் நமக்குத் தெரியாது ஸார்" என்று சொல்லிக்கொள்வதுதான் அது. தெரியாமலிருப்பது ஏதோ குலதனம் என்று நினைப்பு. இந்தப் பெருமைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன்.

நண்பருடைய தங்கையின் கல்யாணம் 2006இல் நடந்தது. அது ஏழு டிவிடிகளில் இருக்கிறது. அவற்றில் அவருடைய அம்மா நடமாடுகிறாள், சம்பந்தியைக் கேலி செய்கிறாள். அம்மா இப்போது இல்லை. வீட்டில் பதிவு செய்கிற டிவிடியில் விஷயத்தைத் தாங்கி நிற்பது ஒரு சாயப்பூச்சுதான். வெயிலும் வெக்கையும் அதை மெல்லத் தின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்க எண்ணினார். இன்று விற்கிற லாப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டிவிடி போடும் வாயே கிடையாது. பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். ஒரு டிவிடிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மௌஸ்கூடத் திக்கித் திக்கித்தான் நகர்ந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "வயசாயிடுச்சு ஸார், தூக்கிப் போடுங்க" என்றார். நண்பரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

வயசாவது! மனிதனுக்கு மூட்டுத் தேய்கிற மாதிரி கம்ப்யூட்டருக்கு வேகம் தேய்வதில்லை. நேற்றுவரை பத்து நிமிஷத்தில் செய்த வேலைக்கு இன்று ஒரு மணி எடுத்துக்கொள்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஏற்பாடு உண்டு. டிவிடியிலிருந்து வரும் தகவல் நேராக நினைவகத்துக்குப் போய்ச் சேரும் வழிக்கு டிஎம்ஏ என்று பெயர். பிராசசரே ஒவ்வொரு துணுக்காக எடுத்துச் சுமக்கும் வழிக்குப் பிஐஓ என்று பெயர். முன்னது, தாசில்தார் உத்தரவு போட, ஆட்கள் மூட்டை இறக்குவது. பின்னது, தாசில்தாரே மூட்டையைத் தலையில் சுமப்பது. அப்புறம் கச்சேரியில் வேறு எந்தக் காரியம் நடக்கும்? மௌஸ் திக்கியது இதனால்தான். கீறல் விழுந்த டிவிடியோ, தளர்ந்த கேபிளோ மொத்தம் ஆறு பிழைகளைக் கொடுத்துவிட்டால், எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும். பிழைகள் தொடர்ந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்தும். கீறல் டிவிடியை வெளியே எடுத்த பிறகும் வேகம் தானாக மேலே ஏறாது.

வேகத்தை இறக்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. மேடுபள்ளத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுவது விவேகம். சொல்லாமல் இறக்கியதுதான் தப்பு. சொந்தக்காரனுக்கு ஒரு வரிச் செய்தி கிடையாது. "சாமானியர்கள் குழம்பிவிடுவார்கள்" என்பார்கள். ஒரு வரி படித்துக் குழம்புவது மேலா, ஒன்றும் தெரியாமல் பெட்டியையே தூக்கிப் போடுவது மேலா? யந்திரம் வாயை மூடிக்கொண்ட இடத்தில்தான் கடைக்காரர் வாயைத் திறக்கிறார்.

பரிகாரத்துக்குக் காலணாச் செலவில்லை. டிவைஸ் மானேஜரில் ஐடிஈ சானல் என்ற இடத்தில், இப்போது எந்த வழி நடக்கிறது என்று எழுதியிருக்கும். பிஐஓ என்றிருந்தால் அந்தச் சானலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி துவக்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பழைய கணக்கை மறந்துவிடும். அதற்கு முன் கேபிளை அழுத்திச் செருகி, டிவிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைப்பது நல்லது. வட்டமாகத் துடைக்கக் கூடாது.

மெதுவாக ஓடும் எல்லா டிவிடிக்கும் இதுவே காரணமென்று நான் சாதிக்க வரவில்லை. இரண்டு டிரைவ்களும் ஒரே கேபிளில் தொங்கினாலும் வேகம் குறையும். பெட்டியில் 16 மடங்கு என்று அச்சடித்திருப்பதும் விளிம்பை எட்டும்போது கிடைக்கும் உச்ச வேகமே தவிர, முழு டிவிடிக்கும் அல்ல. ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் கடைக்காரர் குற்றம். பார்க்கச் சொல்லாதது நம்முடைய குற்றம்.

நண்பர் வீட்டில் மாற்றிப் பார்த்தோம். டிவிடிக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. கீறல் விழுந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அதில் பாதிக்கு மேல் தேறவில்லை. போன பாதியில் அம்மா என்ன சொன்னாள் என்பது இனி யாருக்கும் தெரியாது.

"நமக்குத் தெரியாது ஸார்" என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்.