ஓடும் நினைவுச்சின்னங்கள்

பழைய கோவிலையும் கோட்டையையும் காப்பது கடன் என்பதை இன்று மறுப்பார் இலர். அவை நின்ற இடத்தில் நிற்பவை. சுவர் விரிந்தால் பூசலாம், கூரை ஒழுகினால் செப்பனிடலாம். ஆனால், ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே பொருளுடையதாகும் ஒரு பழம்பொருளை எவ்வாறு காப்பது? நாள்தோறும் மக்களைச் சுமந்து, செங்குத்தான மேட்டில் ஏறியும் இறங்கியும் தேய்ந்து வரும் ஓர் ஊர்தியை நினைவுச்சின்னம் என்று அரசு அறிவித்துவிட்டால், அதன் தேய்மானம் நின்றுவிடுமா? உலகின் மலைநகரங்கள் சில இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றன. அவ்விடைகளுள் சில போற்றத்தக்கவை. சில, மனித உயிர்களை விலையாகக் கொண்டவை.

வடத்தால் இயங்கும் மலைவீதி ஊர்திகள் இருவகைப்படும். முதல் வகையில், சரிவான தண்டவாளத்தில் செல்லும் இரு பெட்டிகள் ஒரே எஃகு வடத்தின் இரு முனைகளிலும் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்றை மேலே ஏற்றும். ஒரே கயிற்றில் இரு வாளிகள் மாறி மாறி ஏறியிறங்கும் கிணற்றைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். பழனி மலையில் அடியார்களை ஏற்றிச் செல்லும் இழுவை ஊர்தியும் வடத்தால் இழுக்கப்படுவதே. இரண்டாம் வகையில், வீதிக்கு அடியில் அமைந்த பள்ளத்தில் வடம் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். ஊர்தி வேண்டும்போது அதனைப் பற்றிக்கொண்டு நகரும், வேண்டாதபோது விட்டுவிட்டு நிற்கும். இவ்விரண்டாம் வகைக்குத் தாயகம் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரமாகும்.

இலண்டனில் 1836-ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே தந்தையுடன் கலிபோர்னியாவை அடைந்தவர் ஆண்ட்ரூ ஹாலிடி. சுரங்கங்களுக்கும் தொங்குபாலங்களுக்கும் வேண்டிய கம்பிவடங்களைச் செய்வது அவர் தொழில். சான் பிரான்சிஸ்கோவின் குன்றுகளில் வண்டியிழுக்கும் குதிரைகள், ஈரம் படிந்த கல்வீதிகளில் கால் வழுக்கி வீழ்ந்து மடிவதைக் கண்டு அவர் உள்ளம் வருந்தினார் என்றும், அவ்வருத்தமே புதிய ஊர்திக்கு வித்தாயிற்று என்றும் கூறுவர். இரக்கத்தோடு தொழிலறிவும் கலந்தது. கம்பிவடம் விற்பவருக்கு அவ்வடத்தின் புதிய பயன் ஒன்று தோன்றியதில் வியப்பில்லை. 1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் கிளே வீதியில் முதல் ஊர்தி வெள்ளோட்டம் விடப்பட்டது. வைகறையில் சரிவைக் குனிந்து நோக்கிய ஓட்டுநர் அஞ்சிப் பின்வாங்கவே, ஹாலிடியே பிடிகோலைப் பற்றி ஊர்தியைச் செலுத்தினார் என்பது அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி.

அந்த ஊர்தியின் இயக்கத்தைச் சற்று விரிவாகவே அறிதல் வேண்டும். வடம் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஊர்தியின் நடுவே நிற்கும் ஓட்டுநர் நெடிய பிடிகோலைப் பின்னுக்கு இழுத்தால், கீழே உள்ள இடுக்கி வடத்தைக் கவ்வுகிறது, ஊர்தி நகர்கிறது. இதற்குத் தோள்வலிமையோடு கைநுட்பமும் வேண்டும். குறுக்கே மற்றொரு வடம் செல்லும் இடங்களில் உரிய நொடியில் பிடியை விட்டு, அப்பால் சென்று மீண்டும் பற்றவேண்டும். சக்கரங்களை அழுத்தும் தடை ஒன்று. தண்டவாளத்தின்மேல் மரக்கட்டைகளை அழுத்தும் தடை மற்றொன்று. இவையும் பயனளிக்காதபோது வீதியின் பிளவில் எஃகு ஆப்பைச் செருகி ஊர்தியை நிறுத்தும் தடை மூன்றாவது. ஹைடு வீதியில் 100 அடிக்கு ஏறத்தாழ 21 அடி உயரும் சரிவு உண்டு. அத்தகைய இடத்தில் இறங்குகின்ற ஊர்திக்கு மூன்று தடைகளும் மிகையல்ல. மரக்கட்டைகள் சில நாட்களிலேயே தேய்ந்துவிடும்; இடுக்கியின் பற்றுத் தகடுகளும் அவ்வாறே. வடமும் சில மாதங்களில் மாற்றப்பட வேண்டியதாகும். ஆக, பழைமைக்குப் பெயர்பெற்ற இவ்வூர்தியில் அடிக்கடி புதிதாக மாறாத உறுப்புகள் சிலவே.

ஹாலிடியின் அமைப்பு விரைவில் பிற நகரங்களிலும் பரவியது. சிகாகோவும் மெல்போர்னும் நியூசிலாந்தின் டுனெடினும் அதனை ஏற்றன. மின்விசையால் ஓடும் டிராம் வண்டி வந்தபின் நிலைமை மாறிற்று. மைல்கணக்கான வடத்தை இரவும் பகலும் இழுப்பதைவிட மின்கம்பி கட்டுவது மலிவு அன்றோ? சிகாகோவில் 1906-லும், மெல்போர்னில் 1940-லும், டுனெடினில் 1957-லும் வட ஊர்திகள் மறைந்தன. சான் பிரான்சிஸ்கோவிலும் 1906-ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் பெரும்பகுதியை அழித்தன. எஞ்சிய சில வழிகளே குன்றுகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன.

1947-ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரத்தின் மேயர் ராஜர் லாப்பம், வட ஊர்திகளை நீக்கிவிட்டுப் பேருந்துகளை ஓட்டவேண்டும் என்று கூறினார். அவரைப் பழைமையின் பகைவர் என்று தூற்றுதல் முறையன்று. நகரத்தின் வரவு செலவைக் காப்பது அவர் பொறுப்பு; பழைய ஊர்திகளால் இழப்பு நேர்ந்தது என்பதும் உண்மை. ஆனால், கணக்கேட்டில் எழுதப்படாத செல்வமும் ஒரு நகரத்துக்கு உண்டு என்பதைப் பிரீடெல் கிளஸ்மன் என்னும் பெண்மணி எடுத்துரைத்தார். மகளிர் சங்கங்கள் 27 ஒன்றுகூடின. வட ஊர்திகளைக் காக்கும் குடிமக்கள் குழு தோன்றியது. அக்குழுவினர் வெறும் வேண்டுகோளோடு நின்றுவிடவில்லை. நகர அமைப்புச் சட்டத்தையே திருத்துமாறு கோரி, பொதுமக்களின் வாக்கெடுப்புக்கு வழி செய்தனர். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பாவெல் வீதி ஊர்திகளைக் காக்க 1,66,989 பேரும், எதிராக 51,457 பேரும் வாக்களித்தனர்.

வெற்றி முழுமையானதன்று. 1954-ஆம் ஆண்டு நடந்த மற்றொரு வாக்கெடுப்பின் விளைவாகப் பல வழிகள் குறைக்கப்பட்டு, மூன்று வழிகளே எஞ்சின. 1964-ஆம் ஆண்டு அவை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பெருமைக்குரிய அறிவிப்புத்தான், எனினும் வீதிக்கடியில் இருந்த பள்ளமும் தண்டவாளமும் அறிவிப்பைக் கேட்டு வலுப்பெறவில்லை. 1979-ஆம் ஆண்டு பழுதுகளை நீக்குவதற்காக ஊர்திகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆராய்ந்த பொறியாளர்கள், ஒட்டுப்போடுவதால் பயனில்லை, அடியோடு புதுப்பிக்கவேண்டும் என்றனர்.

நகரத்தார் அதனை ஏற்றதுதான் இவ்வரலாற்றின் சிறந்த பகுதி எனலாம். 1947-இன் வாக்கெடுப்பைவிடவும் சிறந்தது. 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊர்திகள் அனைத்தும் நின்றன. ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் தண்டவாளமும் வடப்பள்ளமும் பெயர்த்தெடுத்துப் புதிதாக அமைக்கப்பட்டன. 1984-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாளே ஊர்திகள் மீண்டும் மக்களை ஏற்றின. அன்புடைய பொருளை இருபது மாதங்கள் இழந்திருக்க இசைவது எளிதன்று. வாக்களிக்க ஒரு நாள் போதும். பொறுமைக்கும் பணத்துக்கும் அது போதாது.

இவ்வளவு மாற்றியபின் அது பழைய ஊர்திதானா என்று கேட்பாரும் உளர். தேரின் சக்கரத்தையும் வடத்தையும் பழுதுற்றபோது மாற்றுவதால் தேர் புதிதாகிவிட்டது என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்வதில்லை. அதே வீதியில், அதே முறையில், அதே கைத்தொழில் நுட்பத்தோடு ஊர்தி ஏறி இறங்குகின்றது. பிடிகோலைக் கையாளும் திறன் ஒரு தலைமுறையினரிடமிருந்து அடுத்த தலைமுறையினருக்குச் செல்கின்றது. காக்கப்படுவது இத்திறனேயன்றி இரும்பு அன்று. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த ஊர்தியில் இரும்பு அழியாதிருக்கலாம். கையின் திறன் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோகும்.

ஆனால், மாற்றுவதிலும் அறிவு வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1901-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏஞ்சல்ஸ் பிளைட் என்னும் சிறிய இழுவை ஊர்தி, 1969-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1996-இல் அருகிலேயே மீண்டும் அமைக்கப்பட்டது. பெட்டிகளும் நுழைவளைவும் பழைய அழகோடு விளங்கின. இழுவைப் பொறியோ புதிது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பொறி பழுதுற்று ஒரு பெட்டி சரிந்து மற்றதன்மேல் மோதியதில் ஒருவர் இறந்தார், எழுவர் காயமுற்றனர். தோற்றத்தைக் காத்தவர்கள் உள்ளுறுப்பில் தவறினர். பலமுறை நின்றும் ஓடியும், 2017-ஆம் ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

இதனினும் கொடிய செய்தி போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனிலிருந்து வந்தது. பொறியாளர் ரவுல் மெனியே து பொன்சார்டு அமைத்த குளோரியா இழுவை ஊர்தி, 1885-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 270 மீட்டர் நீளமுள்ள சரிவில் நகரத்தின் தாழ்பகுதியையும் மேட்டுப் பகுதியையும் இணைத்து வந்தது. 2002-ஆம் ஆண்டு தேசிய நினைவுச்சின்னமும் ஆயிற்று. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் மாலையில், இரு பெட்டிகளையும் பிணைத்த வடம் அதன் பிணைப்பிடத்தில் அறுந்தது. மேலிருந்த பெட்டி கட்டின்றி இறங்கி, வளைவில் தடம்புரண்டு ஒரு கட்டடத்தின்மேல் மோதியது. 16 பேர் உயிரிழந்தனர். பெட்டியில் இருந்தவர் தடைகளை இயக்கியும், வடத்தின் துணையின்றி அத்தடைகளால் பெட்டியை நிறுத்த இயலவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வடம் மக்களை ஏற்றும் ஊர்திக்கு உரிய சான்று பெறாதது என்பதும் வெளிப்பட்டது. அன்று காலையிலும் ஊர்தி பார்வையிடப்பட்டே இருந்தது. ஆனால் அறுந்த இடம், பிரித்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடம்.

மஞ்சள் வண்ணம் தீட்டிய அப்பெட்டிகளைப் படமெடுக்காத பயணி அரியர். வண்ணத்தைக் காத்தல் எளிது. அனைவரும் அதனைக் காண்கின்றனர். வடத்தின் முனையை எவரும் காண்பதில்லை. ஊர்தியை நினைவுச்சின்னமாக்கும் சட்டம், இன்ன உறுப்பு இன்ன காலத்தில் பிரித்துப் பார்க்கப்படவேண்டும், அதற்கான பணம் இன்ன இடத்திலிருந்து வரும் என்பதையும் எழுதாவிடில், அது பாதிச் சட்டமே ஆகும்.

செலவைக் குறித்த எதிர்வாதமும் வலிமையற்றதன்று. சில நூறு மீட்டர் ஏறுவதற்கு இவ்வளவு பணமா, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதனைச் செலவிடலாகாதா என்று வினவுவோருக்கு விடை கூறத்தான் வேண்டும். சிலி நாட்டின் வால்பரைசோ நகரில், குன்றுகளின்மேல் வாழும் மக்கள் கடைக்கும் வேலைக்கும் சென்றுவர இழுவை ஊர்திகளையே நம்பியிருந்தனர். பல ஊர்திகள் பழுதுற்று ஆண்டுக்கணக்கில் நின்றபோது, முதியோருக்கு நீண்ட படிக்கட்டுகளே எஞ்சின. அவ்விடத்தில் ஊர்தியைக் காப்பது அலங்காரமாகாது. மாறாக, சான் பிரான்சிஸ்கோவில் வட ஊர்தியின் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைவிட மிகுதி. ஏறுவோருள் பெரும்பாலோர் வெளியூர்ப் பயணிகள். உள்ளூரார் ஏறாத ஊர்தி நாளடைவில் காட்சிப்பொருளாகிவிடும். கட்டணத்தை வகுப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

லிஸ்பனில் விபத்துக்குப்பின் மற்ற இழுவை ஊர்திகளும் நிறுத்தப்பட்டன. வடம் அறுந்தாலும் பெட்டியை நிறுத்தவல்ல தடைகள் உண்டு என்று வல்லுநர் உறுதி செய்தாலன்றி அவற்றை ஓட்டலாகாது என்பது ஆய்வாளர் கூறிய பரிந்துரை. அத்தகைய தடையைச் சேர்த்தால் நினைவுச்சின்னத்தின் தூய்மை கெடும் என்று எவரேனும் கருதினால், அவர் அதன் வரலாற்றை நோக்கவேண்டும். குளோரியா ஊர்தி தொடக்கத்தில் நீரின் எடையால் ஏறி இறங்கியது. பின்னர் நீராவியால் இயங்கியது. மின்விசைக்கு மாறியது 1915-ஆம் ஆண்டை ஒட்டியே.