பின்னந்தலையில் ஒரு மச்சம்

திருமலையில் முடி இறக்கும் கல்யாணகட்டாவில் காத்துக்கிடக்கிற கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை தம்பி பேரனுக்கு முதல் முடி. சித்தூரிலிருந்து இருட்டோடு கிளம்பியும், திருமலையில் டோக்கனும் பிளேடும் வாங்கி எங்களுக்கு முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வரிசையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே முடி இறக்கிய பெண்மணியின் கைகள் நான்கு நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. வரிசை இன்னொரு வாரம் காத்திருக்கட்டும்.

பதினோரு மாதப் பிள்ளை, அம்மா மடியில் வீறிட்டு அழுகிறான். முடி இறக்கும் அம்மாள் அவன் தலையில் தண்ணீர் தெளித்து, மோவாயைப் பிடித்துக்கொண்டு முன்நெற்றியிலிருந்து வழித்துக்கொண்டே வந்தார். பின்னந்தலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஈர முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். அவரைக்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஒரு மச்சம். பிளேடைச் சாய்த்து, அதைச் சுற்றி வட்டமாக வழித்துவிட்டு, மச்சத்தின் மேல் மட்டும் தோலை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு முடியாக எடுத்தார். ஒரு துளி ரத்தம் இல்லை.

"ஏம்மா, இது பொறந்தப்பவே இருந்துச்சா?"

தம்பி மருமகளுக்குத் தெரியவில்லை. முடி மூடியிருந்தது.

"ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தலைக்குத் தண்ணீர் எடுத்தார். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

சந்தனம் பூசி வெளியே வருவதற்குள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலன் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தலையில் மச்சம், ராஜயோகம். மச்சப் பலன் மீது எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று அச்சடித்து, எத்தனை பெண்களின் கல்யாணப் பேச்சைக் கெடுத்திருக்கிறார்கள்! பள்ளிக்கூடமும் சளைத்ததில்லை. எங்கள் ஆந்திரத்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு இரண்டு அங்க அடையாளம் வேண்டும். வகுப்பாசிரியையாக இருந்த காலத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து நானே எழுதியிருக்கிறேன்: வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு மச்சம். ஜோசியருக்கும் சரி, சான்றிதழுக்கும் சரி, மச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அது எப்படி இருக்கிறது, போன வருஷம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. திருமலையில் அந்த அம்மாள் கேட்டார்.

திங்கட்கிழமை சித்தூரில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, பிறந்த புதிதில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்றார். மருமகள் போனைத் தள்ளித் தள்ளித் தேடினாள். இருபதாம் நாள், பாட்டி காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கிற படம். பின்னந்தலையில் சின்னதாக அதே பழுப்பு. பிறவி மச்சம், நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும், தலை வளரும் அளவுக்கே இதுவும் வளர்ந்திருக்கிறது, பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்த பிறவி மச்சம் என்றால் கதை வேறு. அதைப் பிறந்தவுடனே நிபுணரிடம் காட்டி, அவர் கண்காணிப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புது மச்சம் வருவது சகஜம். வயசுக்கு வரும் சமயத்தில் கொஞ்சம் கறுப்பதும் உண்டு. இடுப்புக்குக் கீழே நீலம் பாய்ந்தாற்போல் தெரிவது மச்சமே அல்ல, பெரும்பாலும் சில வருஷங்களில் மறைந்துவிடும். பயப்பட வேண்டியது பிள்ளையைவிட வேகமாக வளரும் மச்சத்துக்கு, அடிபடாமலே ரத்தம் கசியும் மச்சத்துக்கு, ஆறாத புண்ணுக்கு, மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாகத் தெரிவதற்கு. மச்சப் புற்றைக் கண்டுபிடிக்க 1985-ல் நியூயார்க் டாக்டர்கள் வகுத்த அடையாளங்கள் பெரியவர்களுக்கானவை: இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, பிசிறடித்த ஓரம், கலந்த நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். குழந்தைகளிடம் இவை கைகொடுக்காமல் போகலாம். அவர்களுக்குப் புற்று இளஞ்சிவப்பாக, ஒரே நிறத்தில், சின்னப் பரு போல மேடாகவும் வரும். மரு என்று விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு மச்சத்தில் புற்று மிக அபூர்வம் என்பதாலேயே சந்தேகமும் தாமதமாகத்தான் வருகிறது.

நம் கறுத்த தோலுக்கு அதெல்லாம் வராது என்பார்கள். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடியதில் பட்ட காயம் என்று முதலில் நினைத்தார்கள். 1977-ல் புற்று என்று தெரிந்தது, 1981-ல் 36 வயதில் போய்விட்டார். கறுத்த தோல்காரர்களுக்கு அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து வரும். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு படியேறி வந்த பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுகிறோமே, அப்போது பாதத்தைத் திருப்பி ஒரு பார்வை பாருங்கள். நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனால் உடனே காட்டுங்கள்.

சுண்ணாம்பும் சலவைசோடாவும் குழைத்து மச்சத்தைக் கருக்குவதை என் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன், அந்தத் தழும்பு இன்றைக்கும் என் சித்தி தோளில் இருக்கிறது. குதிரைவால் முடியால் கட்டி அறுப்பதும் இன்னும் நடக்கிறது. இப்போது பியூட்டி பார்லரில் பத்தே நிமிஷத்தில் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுட்டுவிட்டால் பரிசோதனைக்கு அனுப்பத் துண்டு மிஞ்சாது, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

நேற்று மருமகள் என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை தூங்கும்போது மச்சத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாளாம். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்: பின்னந்தலை, பழுப்பு, 14 மில்லிமீட்டர்.